வரிசையை விட்டு வெளியேறியவர்கள்

ஜவ்வாது மலையை நமக்கு நன்றாகத் தெரியும் என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம். ஜமுனாமரத்தூர் போனால் கோலப்பன் ஏரியில் படகு விடலாம், பீமன் அருவியில் குளிக்கலாம், திரும்பும்போது சாமை அரிசியும் தேனும் பலாப்பழமும் வாங்கி வரலாம். பள்ளிப் பிள்ளைகளைக் காவலூருக்கு அழைத்துப்போய்த் தொலைநோக்கியைக் காட்டலாம். கோடை விழா சமயத்தில் போனால் வண்டி நிறுத்த இடம் கிடைக்காது. வேலூரிலும் போளூரிலும் செங்கத்திலும் திருப்பத்தூரிலும் குடியிருக்கிற நமக்கு இத்தனையும் அத்துப்படி. ஆனால் அதே மலையில் ஒரு பெண்ணுக்கு நடுராத்திரியில் பனிக்குடம் உடைந்தால் அவளை எந்த ஊருக்கு, எதில் ஏற்றி, எவ்வளவு நேரத்தில் கொண்டுபோய்ச் சேர்ப்பார்கள் என்று கேட்டால் நம்மில் பெரும்பாலோருக்குத் தெரியாது. கேட்டுத் தெரிந்துகொள்ளவும் தோன்றியதில்லை.

மலைக்காரர்களின் இந்த வைத்தியக் கஷ்டத்தை அரசாங்கத்தின் தலையில் தூக்கிவைத்து எழுதுவது சுலபம். அப்படி எழுதியாயிற்று, டீக்கடையில் பேசியாயிற்று, வாட்ஸ்ஆப்பில் சுற்றியும் விட்டாயிற்று. அரசாங்கத்துக்கு இதில் பங்கில்லை என்று சொல்லவில்லை. அந்தப் பங்கைப் பேசுகிற சாக்கில் நம்முடைய பங்கை எத்தனை காலமாக ஒளித்துவைத்திருக்கிறோம் என்பதுதான் இப்போது உறுத்துகிறது.

முதலில் மலை இருக்கிற இருப்பைப் பார்க்க வேண்டும். ஜவ்வாது மலை வேலூர், திருப்பத்தூர், திருவண்ணாமலை என்று மூன்று மாவட்டங்களுக்குப் பங்கு பிரிந்து கிடக்கிறது. புதூர்நாடு, நெல்லிவாசல்நாடு, புங்கம்பட்டுநாட்டுக்காரர்களுக்கு உடம்புக்கு முடியாமல் போனால் திருப்பத்தூர். ஜமுனாமரத்தூர், நம்மியம்பட்டு, வீரப்பனூர்க்காரர்களுக்குப் போளூர், அங்கேயும் முடியாவிட்டால் திருவண்ணாமலை. பீஞ்சமந்தை, பாலாம்பட்டு, அல்லேரிப் பக்கத்து ஆட்களுக்கு ஒடுகத்தூர் அல்லது அணைக்கட்டு, அதற்குமேல் வேலூரை அடுத்த அடுக்கம்பாறை மருத்துவக் கல்லூரி. மலைமேல் ஆரம்ப சுகாதார நிலையங்கள் இருக்கின்றன. சளி, காய்ச்சல், தடுப்பூசி, சிக்கலில்லாத பிரசவம் எல்லாம் அங்கே நடக்கிறது. கொஞ்சம் சிக்கலானாலும் கீழே இறக்கியாக வேண்டும். ஜமுனாமரத்தூரிலிருந்து போளூருக்கு ஏறத்தாழ 40 கிலோமீட்டர், அதில் பாதிக்கு மேல் வளைந்து வளைந்து இறங்குகிற மலைச்சாலை. சாலைவரைக்கும் வந்துசேரவே டோலி கட்டித் தூக்க வேண்டிய குக்கிராமங்களும் உண்டு.

ஆக, மலைக்காரர்களின் பெரிய ஆஸ்பத்திரி மலையில் இல்லை, நம் ஊரில் இருக்கிறது. நம் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில், நாம் தினமும் வண்டியில் கடந்துபோகிற காம்பவுண்டுச் சுவருக்கு அந்தப் பக்கம் இருக்கிறது. லட்சக்கணக்கான நகரவாசிகளுக்காகக் கட்டப்பட்ட மருத்துவமனைகள் இவை. நகரவாசிகளான நாம்தான் அங்கே போவதை நிறுத்திவிட்டோம்.

எப்போது நிறுத்தினோம் என்று யோசித்துப் பார்த்தால் ஒரு தேதி சொல்ல முடியவில்லை. நம் வீடுகளில் ஐம்பது வயதைத் தாண்டியவர்களைக் கேட்டால் பலர் பிறந்தது அரசு ஆஸ்பத்திரியில்தான். வேலூர்க்காரர்களுக்கு அது பென்ட்லண்ட் ஆஸ்பத்திரி, 1912 முதல் 1919 வரை சென்னை மாகாண கவர்னராக இருந்தவரின் பெயர் அதற்கு. அங்கே பிறந்தவர்களின் பிள்ளைகள் நர்சிங் ஹோமில் பிறந்தார்கள், பேரப்பிள்ளைகள் மல்டி ஸ்பெஷாலிட்டியில். எந்த உத்தரவும் போட்டு நம்மை யாரும் வெளியேற்றவில்லை. முதலில் காய்ச்சலுக்கு கிளினிக் போனோம், சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் டாக்டர் பார்ப்பார் என்பதால். காலையில் அதே டாக்டர் ஜி.எச்.சில்தான் இருந்தார், ஆனால் அங்கே ஓ.பி. சீட்டுக்கு நின்றால் ஆபீஸுக்கு நேரமாகிவிடும். அப்புறம் பிரசவம். பெண்ணை ஜி.எச்.சில் சேர்த்தால் சம்பந்தி வீட்டில் என்ன நினைப்பார்கள்? அப்புறம் இன்சூரன்ஸ் வந்தது. அரசு ஊழியர்களுக்குச் சம்பளத்தில் பிடித்தம் செய்து ஒரு திட்டம், 2009-இல் ஏழைக் குடும்பங்களுக்குக் கலைஞர் காப்பீட்டுத் திட்டம், 2012-இல் முதலமைச்சரின் விரிவான காப்பீட்டுத் திட்டம். நல்ல திட்டங்கள்தான், பல உயிர்களைக் காப்பாற்றிய திட்டங்கள். கையில் அட்டை கிடைத்ததும் நாம் செய்த முதல் காரியம், அந்த அட்டை எந்தெந்தத் தனியார் மருத்துவமனையில் செல்லும் என்று பட்டியல் பார்த்ததுதான். அரசாங்கச் சம்பளம் வாங்கி அரசாங்க ஆஸ்பத்திரிக்குப் போகாதவர்கள் நம் தெருவில் எத்தனை பேர் என்று எண்ணிப் பார்த்தால் கூச்சமாக இருக்கிறது.

ஒருவர் தன் வசதிக்குத் தனியாரிடம் போவதில் குற்றமில்லைதான். ஆனால் எல்லோரும் போன பிறகு வரிசையில் யார் மிஞ்சினார்கள் என்று பார்க்க வேண்டாமா? முன்பு அந்த வரிசையில் ஒரு ஹெட்மாஸ்டர் நின்றார், தாலுக்கா ஆபீஸ் கிளார்க் நின்றார், பேங்க்காரர் மனைவி நின்றார். குழாயில் தண்ணீர் வரவில்லை என்றால் அவர்கள் சும்மா இருக்கமாட்டார்கள். மருந்து இல்லை என்று சொன்னால் ஏன் இல்லை என்று கேட்பார்கள். கலெக்டருக்கு மனு எழுதத் தெரிந்தவர்கள், பத்திரிகைக்கு ஆசிரியர் கடிதம் போடத் தெரிந்தவர்கள், யாரை எந்த நம்பரில் பிடித்தால் வேலை நடக்கும் என்று தெரிந்தவர்கள். அந்த வாயெல்லாம் நம்மோடு சேர்ந்து தனியார் மருத்துவமனையின் ஏ.சி. வரவேற்பறைக்குப் போய்விட்டது. மிஞ்சியவர்கள் மலையிலிருந்து இறங்கி வந்தவர்களும் செங்கல் சூளைக்காரர்களும் கூலி வேலை செய்கிறவர்களும். குரலை உயர்த்தினால் கிடைக்கிற வைத்தியமும் கிடைக்காமல் போய்விடுமோ என்று பயந்து நிற்பவர்கள் அவர்கள்.

ஏதாவது ஒரு பெரிய அரசு மருத்துவமனையின் வாசலில் காலை ஒன்பது மணிக்கு நின்றால் மலைக் குடும்பத்தைச் சட்டென்று அடையாளம் தெரியும். சுருட்டிய போர்வை ஒன்று, ஒயர்கூடை ஒன்று. ஜவுளிக்கடை பிளாஸ்டிக் கவரில் எக்ஸ்ரே ஃபிலிம், ஆதார், ரேஷன் கார்டு ஜெராக்ஸ், காப்பீட்டு அட்டை, ஆரம்ப சுகாதார நிலையத்தில் எழுதிக் கொடுத்த பரிந்துரைச் சீட்டு எல்லாம் ஒன்றாக. கவரை மார்போடு அணைத்துப் பிடித்திருப்பார் குடும்பத்துப் பெரியவர். எந்தக் கட்டடத்தில் ஸ்கேன், எந்த மாடியில் ரத்தப் பரிசோதனை, ரிப்போர்ட்டை எங்கே காட்ட வேண்டும், எதுவும் அவருக்குத் தெரியாது. போர்டுகள் இருக்கின்றன, அவற்றை வாசித்துப் பழகியவர்களுக்காக. “சார், ரத்தம் வாங்கற எடம் எது சார்?” என்று கேட்பார். யாரையோ பார்த்துவிட்டுப் போக வந்திருக்கும் நாம் கையை ஒரு திசையில் காட்டிவிட்டு, “அங்க போய்க் கேளுங்க” என்று நகர்ந்துவிடுவோம். அவர் அங்கே போய்க் கேட்பார், அங்கிருப்பவர் வேறொரு கையைக் காட்டுவார். இப்படியே மதியமாகும். மலைக்குப் போகிற கடைசி பஸ் போய்விட்டால் கூட வந்தவர்களுக்கு அன்றைய ராத்திரி வராந்தாவில்தான். போர்வை எடுத்து வந்தது அதற்குத்தான்.

அவரோடு ஐந்து நிமிஷம் நடந்திருக்கலாம். நமக்குப் படிக்கத் தெரியும், கேட்கத் தெரியும், நம் சட்டையைப் பார்த்து ஊழியர்களும் கொஞ்சம் மரியாதையாகப் பதில் சொல்வார்கள். அதற்கு அரசாணை எதுவும் தேவையில்லை.

மலைக்காரர்களைப் பற்றி நாம் வைத்திருக்கிற ஒரு தீர்ப்பும் இருக்கிறது. “அவங்க எங்க ஆஸ்பத்திரிக்கு வராங்க, மந்திரிக்கத்தான் போவாங்க” என்று சிரித்துக்கொண்டே சொல்வோம். மந்திரிப்பவரிடம் போகிறவர்கள் இருக்கலாம், நம் தெருவிலும் இருக்கிறார்கள். ஆனால் இறங்கி வந்து ஒரு நாள் முழுக்க அலைந்து, நாலு இடத்தில் அதட்டு வாங்கி, கையிலிருந்த காசு சாப்பாட்டுக்கும் ஆட்டோவுக்கும் கரைந்து திரும்பியவர், அடுத்த முறை இறங்கி வரத் தயங்குவார்தானே. அதை அறியாமை என்று பெயர் வைத்து ஒதுக்கிவிடுவது நமக்கு வசதியாக இருந்தது.

2023 மே மாதம் நடந்ததை மறந்திருக்கமாட்டோம். அல்லது மறந்துவிட்டோம். அணைக்கட்டுப் பக்கம் அல்லேரி மலையில் அத்திமரத்துக்கொல்லை என்ற ஊரில், இரவு வீட்டுக்கு வெளியே படுத்திருந்த ஒன்றரை வயதுப் பெண் குழந்தையைப் பாம்பு கடித்தது. சரியான சாலை இல்லை. மருத்துவமனைக்குக் கொண்டுவரும் வழியிலேயே குழந்தை இறந்துவிட்டது. வேலூரில் பிரேதப் பரிசோதனை முடிந்து ஆம்புலன்ஸில் அனுப்பினார்கள். அதற்குமேல் வண்டி போகாது என்ற இடத்தில் ஆம்புலன்ஸ் நின்றது. அங்கிருந்து கிலோமீட்டர் கணக்கில் தாய் தன் குழந்தையின் உடலைத் தூக்கிக்கொண்டு நடந்தார்.

அந்த வீடியோவை நாம் எல்லோரும் பார்த்தோம். கும்பிடுகிற கையும் கண்ணீர் விடுகிற முகமும் போட்டு நாலு குழுக்களுக்கு அனுப்பினோம். ஒரு வாரம் பேசினோம். அடுத்த வாரம் வேறு வீடியோ. மலையைப் பற்றி நமக்கு வருகிற செய்தியே இப்படித்தான். 2015 ஏப்ரலில் சேஷாசலம் காட்டில் தமிழகத் தொழிலாளர்கள் 20 பேர் சுட்டுக்கொல்லப்பட்டபோது, அவர்களில் பலர் ஜவ்வாது மலைக்காரர்கள் என்று தெரிந்து அதிர்ந்தோம். அதற்குப் பிறகு மீண்டும் அதிர்வதற்கு ஒரு குழந்தை சாக வேண்டியிருந்தது. இரண்டுக்கும் நடுவில் எட்டு வருஷம், அந்த எட்டு வருஷமும் கோடை விழா நடந்தால் போய்வந்துகொண்டுதான் இருந்தோம்.

பாம்புக்கடியைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும். 2000-க்கும் 2019-க்கும் இடையில் இந்தியாவில் ஆண்டுக்குச் சராசரியாக 58,000 பேர் பாம்பு கடித்து இறந்தார்கள் என்று ஓர் ஆய்வு கணக்கிட்டது. உலக சுகாதார நிறுவனம் 2017-இல் இதைப் புறக்கணிக்கப்பட்ட வெப்பமண்டல நோய்களின் பட்டியலில் சேர்த்தது. புறக்கணித்தது யார் என்று அந்தப் பட்டியலில் இருக்காது. கட்டுவிரியன் பெரும்பாலும் இரவில், தரையில் படுத்துத் தூங்குகிறவர்களைக் கடிக்கிறது. கடித்த இடத்தில் பெரிதாக வலியோ வீக்கமோ இல்லாததால் கடித்ததே பல சமயம் தெரியாது. கட்டில் போட்டுக் கொசுவலைக்குள் படுக்கிறவர்களுக்கு அந்த ஆபத்து குறைவு. விஷமுறிவு மருந்தை நரம்பு வழியாக ஏற்ற வேண்டும், கூடவே மூச்சு நின்றால் தாங்கிப்பிடிக்க ஆளும் கருவியும் வேண்டும். அது எவ்வளவு சீக்கிரம் கிடைக்கிறது என்பதில்தான் உயிர் இருக்கிறது. அந்த மருந்துக்கு வேண்டிய விஷத்தை எடுத்துக்கொடுப்பவர்களில் முக்கியமானவர்கள் மாமல்லபுரத்துக்குப் பக்கத்தில் வடநெம்மேலியில் இருக்கிற இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கத்தார். 1978-இல் தொடங்கிய சங்கம். நாடு முழுக்கப் பாம்புக்கடிக்கு ஏற்றப்படுகிற மருந்தில் ஒரு பழங்குடியின் கைவேலை இருக்கிறது. அல்லேரி மலையில் இன்னொரு பழங்குடியின் குழந்தைக்கு அது நேரத்தில் கிடைக்கவில்லை. இதை எழுதிவிட்டு மேலே என்ன எழுதுவது என்று தெரியாமல் உட்கார்ந்திருந்தேன்.

நம் மாநிலத்தைப் பற்றிப் பெருமைப்பட நிறைய இருக்கிறது, மறுப்பதற்கில்லை. 1939-இலேயே பொது சுகாதாரச் சட்டம் இயற்றியது சென்னை மாகாணம், இந்தியாவில் முதலாவது. அந்தச் சட்டத்தின் கீழ்தான் 2024 நவம்பரில் பாம்புக்கடியை அரசுக்குக் கட்டாயம் தெரிவிக்க வேண்டியதாக அறிவித்தார்கள். 1990-களின் நடுவில் வந்த மருத்துவப் பணிகள் கழகம் மருந்தை மொத்தமாக வாங்கி எல்லா அரசு மருத்துவமனைகளுக்கும் இலவசமாகப் போய்ச் சேர வழி செய்தது. 2,200-க்கும் மேற்பட்ட ஆரம்ப சுகாதார நிலையங்கள், 8,700 துணை சுகாதார நிலையங்கள். 2008-இலிருந்து 108. 2018-20 கணக்கின்படி இந்தியாவில் உயிரோடு பிறக்கிற ஒரு லட்சம் குழந்தைகளுக்கு 97 தாய்மார்கள் இறந்தபோது தமிழ்நாட்டில் 54. இந்த எண்களைச் சொல்லி வெளிமாநில நண்பர்களிடம் நாம் மார்தட்டியிருக்கிறோம். அந்த 54-இல் எத்தனை பேர் மலையிலிருந்து டோலியில் இறங்கியவர்கள் என்று நாம் கேட்டதில்லை. சராசரி என்பது நம்மைப்போல வசதியான இடத்தில் இருப்பவர்களுக்குத் தூக்கம் வரவைக்கிற மாத்திரை. 108-க்குப் போன் பண்ணவே சிக்னல் தேடி மேட்டுக்கு ஏற வேண்டிய ஊர்கள் மாநில சராசரியில் காணாமல் போய்விடுகின்றன.

அந்த எண்களை உருவாக்கியவர்களையும் நமக்குத் தெரியாது. மலைக் கிராமங்களில் வீடு வீடாகப் போகிற கிராம சுகாதார செவிலியர்களும் ஆஷா பணியாளர்களும்தான் அவர்கள். நிறைமாதக் கர்ப்பிணியை முன்கூட்டியே கீழே வந்து தங்கச்சொல்லி மன்றாடி, அவள் வர மறுத்தால் மாமியாரிடம் பேசி, அதற்கும் மசியாவிட்டால் மறுநாள் மறுபடி நடக்கிறவர்கள். நம் வார்டில் இருக்கிற சுகாதார செவிலியரின் பெயர் நமக்குத் தெரிந்தால்தானே அவர்களுடையது தெரியப்போகிறது.

டாக்டர்கள் விஷயத்தில் நம் மனசாட்சி இன்னும் கொஞ்சம் நெளிய வேண்டும். மலைக்கு டாக்டர் வருவதில்லை, வந்தாலும் நிற்பதில்லை என்று சொல்கிறோம். அந்த டாக்டர் யார்? நம் அக்கா மகன், நம் பக்கத்து வீட்டுப் பெண். மக்கள் வரிப்பணத்தில் அரசு மருத்துவக் கல்லூரியில் படித்த பிள்ளைகள். முதல் போஸ்டிங் மலையில் விழுந்தால் வீட்டில் எழவு விழுந்த மாதிரி ஆகிவிடும். மந்திரியைத் தெரியுமா, செகரட்டேரியட்டில் யாரையாவது தெரியுமா என்று அப்பாவும் மாமாவும் போனும் கையுமாக அலைவார்கள். வரன் பார்க்கும்போது, “பையன் ஜமுனாமரத்தூர் பி.எச்.சி.யா? கீழ எப்ப மாத்தல் ஆகும்?” என்று கேட்பது நாம்தான். மலையில் இரண்டு வருஷம் விரும்பி நின்ற பிள்ளையைப் பற்றி, “அவனுக்குச் சாமர்த்தியம் போதாது” என்று கல்யாணப் பந்தியில் பேசுவதும் நாம்தான். அந்தப் பிள்ளைகளில் பலருக்கு மலையில் நிற்க மனசு இருந்தது. நிற்கவிடாமல் பிடித்து இழுத்தது வீடு.

2021 மே மாதத்தில் நமக்கு ஒரு பாடம் நடந்தது. கொரோனா இரண்டாவது அலை. தனியாரில் கட்டில் இல்லை, இருந்த இடத்தில் கேட்ட முன்பணம் நம்மிடம் இல்லை. அப்போது நாம் எல்லோரும் அரசு மருத்துவமனை வாசலில்தான் நின்றோம். ஆக்சிஜன் கட்டில் ஒன்றுக்காக யார் யாரையோ பிடித்தோம். அந்த வாரங்களில் நமக்கு அந்தக் காம்பவுண்டுக்குள் எல்லாம் தெரிந்திருந்தது. எந்த வார்டில் எத்தனை கட்டில், எந்த டாக்டர் இரவு டூட்டி, எங்கே குழாய் வேலை செய்யவில்லை. நர்ஸுகளைத் தெய்வம் என்றோம். உயிர் பிழைத்து வீட்டுக்கு வந்தோம். அடுத்த மாதம் நாம் செய்தது, ஹெல்த் இன்சூரன்ஸ் பாலிசித் தொகையை அஞ்சு லட்சத்திலிருந்து பத்து லட்சமாக உயர்த்தியது.

வேலூரை மருத்துவ நகரம் என்று இந்தியா முழுக்கச் சொல்கிறார்கள். ஐடா ஸ்கடர் 1900-இல் சின்னதாகத் தொடங்கிய சி.எம்.சி.யைத் தேடி வங்காளத்திலிருந்தும் வடகிழக்கிலிருந்தும் இரண்டு நாள் ரயிலேறி வருகிறார்கள். அவர்களுக்காக லாட்ஜ் கட்டினோம், வங்காளி மெஸ் போட்டோம், ஆட்டோக்காரர்கள் இந்தி கற்றுக்கொண்டார்கள். நல்ல காரியம். வருகிற நோயாளிக்காக ஒரு ஊர் தன்னை இந்த அளவுக்கு மாற்றிக்கொள்ள முடியும் என்பதற்கு நாமே சாட்சி. கண்ணுக்கெட்டுகிற மலையிலிருந்து பஸ்ஸில் வருகிறவருக்காக அதில் பத்தில் ஒரு பங்குகூடச் செய்யவில்லை. அவர் வாடகைக்கு அறை எடுக்கமாட்டார் என்பதைத் தவிர வேறு காரணம் எதுவும் எனக்குத் தோன்றவில்லை. இத்தனைக்கும் செய்யாறு பிறப்பது அந்த மலையில். நம் மோட்டார் இறைக்கிற தண்ணீரில் அதன் மழையும் கலந்திருக்கிறது.

செய்வதற்கு இன்னும் இடம் இருக்கிறது, நிறையவே இருக்கிறது. அரசு மருத்துவமனைகளுக்கு நோயாளர் நலச் சங்கம் என்று ஒன்று உண்டு. உள்ளூர்க்காரர்கள் நன்கொடை கொடுக்கலாம், யோசனை சொல்லலாம், என்ன தேவை என்று கேட்கலாம். நம் ஊர்ச் சங்கங்கள் திருவிழாவுக்கு வசூலிப்பதில் ஒரு பகுதியில் மருத்துவமனை வளாகத்தில் கூட வந்தவர்கள் படுக்க ஒரு கொட்டகை போடலாம், அதற்குள் ஒரு மின்விசிறி, ஒரு குடிதண்ணீர்க் குழாய். ஓய்வுபெற்ற ஆசிரியர்கள் முறை வைத்துக்கொண்டு காலை எட்டிலிருந்து பன்னிரண்டு வரை வாசலில் நின்று, மலையிலிருந்து வருகிறவர்களைச் சரியான கட்டடத்துக்குக் கூட்டிப்போகலாம். கல்லூரிப் பிள்ளைகள் ரத்தம் கொடுக்கலாம். அறுவை சிகிச்சைக்கு ரத்தத்துக்கு ஆள் கொண்டுவரச் சொன்னால் மலைக் குடும்பத்துக்கு ஊரில் யாரைத் தெரியும்? பிள்ளை டாக்டருக்குப் படிக்கிறவர்கள் வீட்டில் இப்போதே பேசி வைக்கலாம், மலையில் போஸ்டிங் போட்டால் யாருக்கும் போன் போடுவதில்லை என்று.

எல்லாவற்றுக்கும் முன்னால் ஒன்று. அடுத்த முறை ரத்த அழுத்தமோ சர்க்கரையோ பார்க்க வேண்டியிருந்தால், உயிர் போகிற அவசரம் இல்லாத எந்த வைத்தியமாக இருந்தாலும், உங்கள் ஊர் அரசு மருத்துவமனைக்குப் போங்கள். ஆபீஸுக்கு அரை நாள் லீவு சொல்லிவிட்டு ஓ.பி. சீட்டு வாங்கி நில்லுங்கள். முன்னால் நிற்கிற பெரியவருக்கு எந்தக் கட்டடம் என்று தெரியவில்லை என்றால் கூடவே போய்க் காட்டுங்கள். மருந்து இல்லை, குழாயில் தண்ணீர் இல்லை, நர்ஸ் ஒருவரே மூன்று வார்டைப் பார்க்கிறார் என்றால், பெயரும் விலாசமும் போட்டு மருத்துவமனைக் கண்காணிப்பாளருக்கும் கலெக்டருக்கும் எழுதிக் கொடுங்கள். நன்றாகக் கவனித்தார்கள் என்றால் அதையும் எழுதிக் கொடுங்கள்.